ஜூனோ-106: அறிகுறியிலிருந்து பழுதை அடையும் வழி

ரோலண்ட் நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஜூனோ-106 இன்றும் கைமாறிக்கொண்டிருக்கும் அனலாக் சின்தசைசர்களில் (மின்சுற்றுகளால் ஒலியை உண்டாக்கும் கீபோர்டுகளில்) ஒன்று. அதை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்வார்கள்: ஒரு கட்டையை அழுத்தினால் ஒலி வரவில்லை, அதையே மறுபடி அழுத்தினால் வருகிறது, பிறகு வேறொரு கட்டையில் விட்டுப்போகிறது. கருவி தன் விருப்பத்துக்கு நடந்துகொள்வதாகத் தோன்றினாலும், இதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கட்டைகள் 61 இருந்தாலும், ஒலியை உண்டாக்கும் குரல்கள் ஆறுதான். எந்தக் கட்டையை அழுத்துகிறோமோ அதற்கு அந்த நேரத்தில் ஓய்வாக இருக்கும் குரலைக் கருவிக்குள் உள்ள கணிப்பி ஒதுக்குகிறது. ஆறில் ஒரு குரல் பழுதானால், அந்தப் பழுது கட்டைக்குக் கட்டை இடம்மாறிக்கொண்டே இருப்பதுபோல் காதுக்குப் படும்.

ஆகவே, சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன்பு விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கோளாறு எதைப் பின்தொடர்கிறது? ஒரு குரலையா, ஒரு கட்டையையா, சேமித்துவைத்த ஓர் ஒலியையா, அல்லது கருவி முழுவதையுமா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் வேலையில் பெரும்பகுதி முடிந்ததாகவே கொள்ளலாம். விடை தெரியாமல் சிப்புகளைக் கழற்றத் தொடங்குவதால்தான், நாற்பது ஆண்டுகளைத் தாங்கிவந்த போர்டுகள் ஒரே மாலையில் கெட்டுப்போகின்றன.

சுவிட்சைப் போட்டும் எந்த விளக்கும் எரியவில்லை

முதலில் கருவியின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் மின்னழுத்தத்தைப் படியுங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்டவை 100 வோல்ட்டிலும், அமெரிக்காவுக்குச் சென்றவை ஏறத்தாழ 117 வோல்ட்டிலும் இயங்குபவை. அப்படிப்பட்ட ஒன்றை நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகியிருந்தால், ஃபியூஸ் போயிருப்பதோடு நிற்காமல் டிரான்ஸ்ஃபார்மரும் போயிருக்க வாய்ப்பு உண்டு. அந்த ஊர்களிலிருந்து வந்த கருவிக்கு, அதன் அழுத்தத்துக்கு ஏற்ற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைத் தனியே வாங்கி, வேறெதற்கும் எடுக்காமல் அதனுடனேயே வைத்திருப்பது நல்லது. மின்னழுத்தம் சரியாகவே இருந்து ஃபியூஸ் மட்டும் போயிருந்தால், அதே அளவுள்ள ஃபியூஸை ஒரே ஒரு முறை மாற்றிப் பாருங்கள். மறுபடியும் போனால் உள்ளே குறுக்குச் சுற்று இருக்கிறது என்று பொருள். பெரிய ஃபியூஸைப் போட்டுத் தாக்குப்பிடிக்க வைக்க முயல வேண்டாம்.

விளக்குகள் எரிகின்றன, ஒலி அறவே இல்லை

இந்தக் கருவியின் மின்வழங்கி முக்கியமாக மூன்று அழுத்தங்களைத் தருகிறது: +5, +15, −15 வோல்ட். விளக்குகளும் எண்காட்டியும் பொத்தான்களும் 5 வோல்ட்டில் இயங்குகின்றன. ஒலி செல்லும் பாதை 15 வோல்ட் இணையை நம்பியிருக்கிறது. எனவே எண்காட்டி ஒளிர்வதை வைத்து மின்வழங்கி நலமாக இருக்கிறது என்று முடிவுசெய்துவிடக் கூடாது. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை எர்த்தில் வைத்து மூன்றையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். 15 வோல்ட் இணையில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலோ, சில பத்தில் ஒரு பங்கு வோல்ட்டுக்கு மேல் விலகியிருந்தாலோ, அதைச் சரிசெய்யும் வரை வேறு எந்தப் பகுதியையும் சோதிப்பதில் பயனில்லை. வழங்கி தவறாக இருக்கும்போது மற்ற எல்லாமே பழுதானதுபோலத்தான் நடந்துகொள்ளும். அளக்கும்போது மெயின் மின்சாரம் வரும் டிரான்ஸ்ஃபார்மர் பகுதியின் அருகே கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடியைத் திறப்பதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வால்யூம் ஸ்லைடர், பின்பக்கத்திலுள்ள வெளியீட்டு அளவுச் சுவிட்ச், தேர்ந்தெடுத்த ஒலிக்குரிய விசிஏ (ஒலியளவுக் கட்டுப்பாடு) அளவு ஆகிய மூன்றில் எது கீழே கிடந்தாலும் கருவி ஊமையாகிவிட்டதாகத் தோன்றும். ஹெட்ஃபோனில் கேட்கிறது, பின்பக்க வெளியீட்டில் இல்லை என்றால் குற்றம் ஜாக்கிலோ கேபிளிலோதான்.

சேமித்த ஒலிகள் மறைந்துவிட்டன, அல்லது அவற்றுக்குப் பதிலாகப் பொருளற்ற ஒலிகள் வருகின்றன

128 ஒலிகளையும் நினைவில் வைத்திருப்பது போர்டில் பற்றவைக்கப்பட்ட சிஆர்2032 பேட்டரி ஒன்றுதான். கருவியை அணைத்த நிலையில் அதன் அழுத்தம் 3 வோல்ட்டுக்குக் கணிசமாகக் கீழே இருந்தால் மாற்றிவிடலாம். ஒலிகள் இன்னும் அழியாமல் இருக்கின்றன என்றால், முதல் வேலை அவற்றைப் பின்பக்க டேப் சேமிப்பு ஜாக்கின் வழியே கணினியில் ஒலிக்கோப்பாகப் பதிவுசெய்து வைப்பது. இந்தக் கருவியில் தொழிற்சாலை ஒலிகள் நிலையான நினைவகத்தில் வைக்கப்படவில்லை. பேட்டரியைக் கழற்றியதும் எல்லாமே போய்விடும்.

புதிய பேட்டரியை நேராகப் பற்றவைக்காதீர்கள். பொத்தான் வடிவ லித்தியம் பேட்டரியின் மேல் சூடு படுவது அதையும் கெடுக்கும், உங்களையும் காயப்படுத்தும். அந்த இடத்தில் ஒரு சிறிய பேட்டரி ஹோல்டரைப் பற்றவைத்துவிட்டால் அடுத்த முறை கையாலேயே மாற்றிக்கொள்ளலாம். ஹோல்டர் சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும் பொருள்தான். நேர், எதிர் முனைகளைப் பழைய பேட்டரியைக் கழற்றும் முன்பே புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றி முடித்தவுடன் நினைவகத்தில் குப்பைதான் நிறைந்திருக்கும், அது இயல்பு. பின்பக்கத்தில் நினைவகப் பாதுகாப்புச் சுவிட்சைத் திறந்துவிட்டு, கணினியில் வைத்திருந்த ஒலிக்கோப்பை ஹெட்ஃபோன் வெளியீட்டிலிருந்து டேப் ஏற்றும் ஜாக்குக்குள் செலுத்துங்கள். ஏற்றம் பாதியில் தோற்றால் பெரும்பாலும் காரணம் ஒலி அளவு: மிகக் குறைவாக இருந்தால் கருவிக்குக் கேட்காது, மிக அதிகமாக இருந்தால் அலை சிதைந்துவிடும். எம்பி3 போலச் சுருக்கப்பட்ட கோப்பைப் பயன்படுத்த வேண்டாம்.

ஆறில் ஒரு சுரம் மங்குகிறது, கரகரக்கிறது, அல்லது விட்டுப்போகிறது

இந்தக் கருவியின் பெயர்பெற்ற பழுது இதுதான், ஆகவே இதில் சற்று நிதானமாக நிற்போம்.

முதலில் எந்தக் குரல் என்று கண்டுபிடியுங்கள். கருவியை அணைத்து, கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி இயக்குங்கள். சோதனை நிலைக்குள் சென்றுவிடும். இப்போது ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் அந்தச் சுரத்தை ஒலிக்கும் குரலின் எண் எண்காட்டியில் தோன்றும். காகிதத்தில் ஒன்று முதல் ஆறு வரை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குரலும் எப்படி ஒலிக்கிறது என்று எதிரே குறியுங்கள். "மூன்று: ஒலி தாமதமாக வருகிறது, ஐந்து: கட்டையை விட்ட பின்னும் மெல்லக் கசிகிறது" என்கிற அளவுக்குத் துல்லியமாக எழுதுவது பின்னால் பெரிதும் உதவும். சுவிட்சைப் போட்ட உடனே ஒரு முறையும், அரை மணி நேரம் சூடேறிய பிறகு இன்னொரு முறையும் இதைச் செய்யுங்கள். குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்து சூடேறியதும் கெடுவதும், நேர்மாறாக நடப்பதும் இந்தப் பழுதுக்கே உரிய இயல்பு.

குரல் எண் தெரிந்த பிறகு, குற்றம் அந்தக் குரலின் எந்தப் பாதியில் இருக்கிறது என்று பிரிக்க வேண்டும். ஒவ்வொரு குரலுக்கும் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் அலையை உண்டாக்கும் எம்சி5534ஏ சிப். இது கருவியில் மூன்று உள்ளது, ஒவ்வொன்றும் இரண்டு குரல்களுக்குப் பொறுப்பு. அதற்கடுத்து 80017ஏ என்ற தொகுதி. ஒலியை வடிகட்டும் ஃபில்டரும் ஒலியளவுக் கட்டுப்பாடும் இதற்குள் சேர்ந்திருக்கின்றன, இது குரலுக்கு ஒன்றாக ஆறு உள்ளது. இரண்டையும் பிரிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ரம்ப அலை, துடிப்பு அலை, துணை அலை, இரைச்சல் ஆகிய நான்கையும் முழுமையாக அணைத்துவிடுங்கள். ஃபில்டரின் ஒத்ததிர்வைக் கூட்டும் ரெசனன்ஸ் ஸ்லைடரை உச்சத்துக்கு ஏற்றி, ஃபில்டர் அதிர்வெண்ணை நடுவில் வையுங்கள். இப்போது ஃபில்டர் தானாகவே சீழ்க்கை போன்ற ஒலியை எழுப்பும். அலை உண்டாக்கும் சிப்புக்கு இந்த ஒலியில் எந்தப் பங்கும் இல்லை.

சந்தேகத்துக்குரிய குரலில் இந்தச் சீழ்க்கை வராவிட்டாலோ, நடுங்கினாலோ, மற்ற ஐந்தைவிட மிகவும் விலகிய சுருதியில் இருந்தாலோ, பழுது பெரும்பாலும் 80017ஏயில்தான். சீழ்க்கை ஆறிலும் சுத்தமாக வந்து, அலைகளை இயக்கும்போது மட்டும் ஒரு குரலில் ரம்ப அலையோ துணை அலையோ காணாமல் போகிறது என்றால், எம்சி5534ஏயைச் சந்தேகியுங்கள். அதே சிப்பைப் பகிரும் இன்னொரு குரலிலும் ஏதேனும் குறை தெரிகிறதா என்று பார்த்தால் சந்தேகம் உறுதிப்படும்.

80017ஏ ஏன் கெடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் தீர்வு அதிலேயே இருக்கிறது. ஜூனோ-60இல் ஃபில்டர் சிப்பும் அதன் துணைப் பாகங்களும் போர்டில் திறந்தபடி இருந்தன. 106இல் அவற்றைச் சிறு பீங்கான் தகட்டில் அடக்கி, மேலே கறுப்பு எபாக்சி பூசிவிட்டார்கள். காலப்போக்கில் அந்தப் பூச்சு மின்சாரத்தை மிகச் சிறிதளவு கடத்தத் தொடங்குகிறது. ஃபில்டரின் உள்ளே மிக நுண்ணிய மின்னோட்டங்களே ஓடுவதால், அந்தச் சிறிய கசிவே அதைத் தடுமாற வைக்கப் போதும். பல நேரங்களில் உள்ளிருக்கும் பாகங்கள் நலமாகவே இருக்கின்றன, கெட்டது பூச்சு மட்டும்தான். வெப்பத்தோடு பழுதும் மாறுவதற்குக் காரணம் இதுவே.

போர்டைத் திறந்து பார்த்தால் இந்தத் தொகுதிகளை அடையாளம் காண்பது எளிது: ஒரே அளவில், ஒரே வரிசைக் கால்களில் செங்குத்தாக நிற்கும் ஆறு கறுப்புச் சில்லுகள். பழுதான ஒன்றைக் கழற்றும்போது அவசரம் வேண்டாம். ஒவ்வொரு காலிலும் பழைய ஈயத்தின் மேல் சிறிது புது ஈயத்தைச் சேர்த்து உருக்கி, உறிஞ்சியால் எடுத்து, கால் துளைக்குள் தளர்வாக அசைகிறதா என்று ஊசியால் தொட்டுப் பார்த்த பிறகே அடுத்த காலுக்குச் செல்லுங்கள். அசையாத காலை இழுத்தால் போர்டின் செப்புத் தடம் உரிந்துவரும். அதைச் சரிசெய்வது சிப்பை மாற்றுவதைவிடக் கடினமான வேலை. வெறுமையான இடத்தில் ஒரு சாக்கெட்டைப் பற்றவையுங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன்: இனி அந்தப் போர்டு சூட்டைக் காணத் தேவையில்லை என்ற நிலையை அது தருகிறது.

கழற்றிய தொகுதியைக் கண்ணாடிக் குப்பியில் அசிட்டோனில் மூழ்கவைத்து மூடிவிடுங்கள். ஓரிரு நாட்களில் பூச்சு மென்மையாகி, விளிம்பில் சுருண்டு எழும். மரக்குச்சியின் நுனியால் தொட்டால் அடை அடையாகப் பிரியும். பிரியாத இடத்தைச் சுரண்டாமல் மறுபடி ஊறவிடுங்கள், ஏனெனில் அடியில் உள்ள பாகங்கள் மிளகைவிடச் சிறியவை, சற்று அழுத்தினாலும் தகட்டிலிருந்து தெறித்துவிடும். பூச்சு முழுதும் போனபின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலர்த்தி, சாக்கெட்டில் செருகுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பற்றக்கூடியது. காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் சால்டரிங் அயர்னுக்கும் விலகி இந்த வேலையைச் செய்ய வேண்டும். பிளாஸ்டிக் பாத்திரமும் கூடாது.

ஊறவைத்து எடுத்தும் சரியாகாத தொகுதிக்குப் பதிலாக, இன்றைய பாகங்களைக் கொண்டு செய்யப்பட்ட மாற்றுத் தொகுதிகள் விற்பனைக்கு உண்டு. அனலாக் ரெனசான்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஏஆர்80017ஏ அவற்றில் நன்கு அறியப்பட்டது. ஒன்று கெட்டுவிட்டால் ஆறையும் மாற்றிவிட வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மேடையில் வாசிப்பவருக்கு அது நியாயமான அறிவுரை, ஏனெனில் மற்ற ஐந்தும் அதே வயதுடைய அதே பூச்சைச் சுமந்திருக்கின்றன. வீட்டில் வாசிப்பவர் கெட்டதை மட்டும் ஊறவைத்து, மற்றவற்றை அவை கெடும்வரை விட்டுவைக்கலாம் என்பதே என் கருத்து. நன்றாக ஒலிக்கும் தொகுதியைக் கழற்றுவதிலும் ஆபத்து இருக்கிறது.

தொகுதியை மாற்றிய பிறகு அந்தக் குரல் மட்டும் தனித்துத் தெரிகிறது

இது பழுதன்று, அளவுத்திருத்தம் செய்யப்படாத நிலை. ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனிச் சிறு திருகுகள் போர்டில் இருக்கின்றன: ஒலியளவு, ஃபில்டரின் அதிர்வெண், ரெசனன்ஸ் முதலியவற்றுக்கு. சுரம் தொடங்கும்போது "டப்" என்ற சத்தம் கேட்டால் விசிஏ ஆஃப்செட் திருகைத் தொட வேண்டும். சர்வீஸ் கையேட்டில் உள்ள வரிசைப்படியே செய்யுங்கள்; முன்னது சரியாக அமையாமல் பின்னதைத் திருத்தினால் இரண்டும் கெடும். திருகுவதற்கு முன் ஒவ்வொன்றின் நிலையையும் பேனாவால் குறித்து வைத்துக்கொள்வதும், கருவி முழுமையாகச் சூடேறிய பிறகே தொடங்குவதும் அவசியம்.

ஒரு சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது

பின்பக்க ஹோல்டு ஜாக்கில் பெடல் செருகப்பட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். எதிர்த் துருவ அமைப்புள்ள பெடல், காலை எடுத்த நிலையிலேயே எல்லாச் சுரங்களையும் பிடித்து வைத்திருக்கும். பெடல் இல்லாமலும் தொடர்ந்தால், சோதனை நிலையில் குரல் எண்ணைப் பாருங்கள். ஒரே குரலில் மட்டும் ஒலி கசிகிறது என்றால் மேலே சொன்ன 80017ஏ கதைதான்.

சில கட்டைகள் மட்டும் ஒலிப்பதில்லை

கோளாறு எப்போதும் அதே கட்டையில்தான் என்றால் குரல்களுக்கு இதில் தொடர்பில்லை. இதை உறுதிப்படுத்த மிடி (இசைக்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் டிஜிட்டல் முறை) வழியே வேறொரு கீபோர்டிலிருந்து அதே சுரத்தை அனுப்புங்கள். வெளியிலிருந்து வரும் சுரம் நன்றாக ஒலித்தால், உள்ளே ஒலி உண்டாக்கும் பகுதி முழுவதும் நலம், கட்டையின் அடியிலுள்ள தொடர்பு மட்டுமே கெட்டிருக்கிறது. ரப்பர் துண்டின் அடியிலுள்ள கறுப்புக் கார்பனையும், அது தொடும் போர்டின் தடத்தையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெல்லத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உரசித் தேய்த்தால் கார்பன் போய்விடும். ஒரு கட்டை மட்டுமல்லாமல் சீரான இடைவெளியில் பல கட்டைகள் ஒன்றாக இறந்திருந்தால், ரப்பரை விட்டுவிட்டு, கட்டைகளிலிருந்து கணிப்பிக்குச் செல்லும் ஒயர் இணைப்பை ஆராயுங்கள்.

மிடி சுரமே உள்ளே போகவில்லை என்றால் சேனல் எண்ணைச் சரிபாருங்கள். பின்பக்கத்தில் மூன்று நிலை கொண்ட மிடி சுவிட்ச் ஒன்றும் இருக்கிறது. முதல் நிலையில் சுரங்கள் மட்டுமே செல்லும், மூன்றாவதில் ஸ்லைடர் அசைவுகள் உட்பட எல்லாம் செல்லும்.

ஸ்லைடரை நகர்த்தினால் ஒலி தாவித் தாவி மாறுகிறது

இந்தக் கருவியில் பெரும்பாலான ஸ்லைடர்களின் வழியே ஒலி ஓடுவதில்லை. அவற்றின் நிலையைக் கணிப்பி படித்து எண்ணாக்கிக்கொள்கிறது. ஆகவே அழுக்கடைந்த ஸ்லைடர் கரகரப்பதைவிட, எண் குதிப்பதாகவே தெரியும். கை வைக்காதபோதே ஒலி மாறிக்கொண்டிருந்தால், அந்தக் கட்டுப்பாட்டின் ஸ்லைடர் தன் இடத்தில் நிற்காமல் எண் ஆடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஸ்லைடர்களுக்கென்று விற்கப்படும், மசகு சேர்ந்த துப்புரவுத் திரவத்தைச் சிறிதளவு விட்டு, முழு நீளத்துக்கும் பலமுறை மேலும் கீழும் நகர்த்துங்கள். பூட்டுத் துருவுக்கு அடிக்கும் பொதுவான எண்ணெய்த் தெளிப்பைப் பயன்படுத்துவது பெருந்தீங்கு. அது உள்ளே இருக்கும் மசகைக் கரைத்துவிட்டுத் தூசியைச் சேர்த்துவைக்கும்.

சுருதி சரியாக இல்லை

அனலாக் கருவி என்றதும் சுருதி நழுவும் என்ற எண்ணம் வரும். ஜூனோவில் சுருதியை டிஜிட்டல் கடிகாரம் ஆள்கிறது. 8253 என்ற எண்ணிச் சிப் இரண்டு, தலா மூன்று குரல்களுக்கு அதிர்வெண்ணைப் பகுத்துத் தருகின்றன. எனவே தனியொரு குரல் சுருதி நழுவுவது அரிது. கருவி முழுவதும் விலகியிருந்தால் பின்பக்கச் சுருதித் திருகையும், கீ டிரான்ஸ்போஸ் விளக்கு எரிகிறதா என்பதையும் பாருங்கள். சுருதியை வளைக்கும் பெண்டர் நெம்புகோல் நடுவுக்குத் திரும்பாமல் சாய்ந்து நின்றாலும் இதே விளைவுதான். பெண்டர் சுருதியை எவ்வளவு வளைக்கலாம் என்பதை முடிவுசெய்யும் டிசிஓ ஸ்லைடரைக் கீழே இறக்கியதும் சுருதி சரியானால் குற்றவாளி பெண்டர்தான்.

கோரஸை இயக்கினால் இரைச்சல்

மெல்லிய சீறல் இயல்பானது, அதை எதிர்த்துப் போராட வேண்டாம். ஒலியைத் தடிமனாக்கி விரிக்கும் கோரஸுக்குள் ஒலியைத் தாமதிக்கும் எம்என்3009 சிப் இரண்டு இருக்கின்றன, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. ஆகவே ஹெட்ஃபோனின் இரண்டு பக்கங்களையும் தனித்தனியே கேளுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் ஒலி உடைந்தாலோ, அலைவு இல்லாமல் வெறுமையாக ஒலித்தாலோ, அந்தப் பக்கச் சிப்பையும் அதற்குக் கடிகாரம் தரும் எம்என்3101ஐயும் சோதிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ரீங்கரித்தால், கோரஸை அணைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். அப்போதும் ரீங்காரம் இருந்தால் மின்வழங்கியின் வயதான கெப்பாசிட்டர்களை மாற்றும் நேரம் வந்துவிட்டது. எம்என்3009 பெயரில் போலிச் சிப்புகள் புழங்குவதால், வாங்கியதை நேராகப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் செருகிக் கேட்டுப் பாருங்கள்.